நாற்பதாயிரமும் கேட்டது

ஜூன் 9, திங்கள்

புதுக் குக்கரைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். விசில் அடிக்காத குக்கரை என் தலையில் கட்டிவிட்டான். ஆவி மட்டும் மேலே போகிறது, சத்தம் இல்லை. இன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். வசந்தா கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். முதுகு பேசினால் யாருக்குக் கேட்கும்? என் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பழக்கம் மட்டும் அவள் அப்பனுடையது.

பெரிய பேத்தி மேகலா தலைப்பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குளிக்கப் போகும்போது குழந்தையை என்னிடம் விட்டுப் போனாள். தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னிடம் விட்டால் அந்தக் குழந்தை அழுவதே இல்லை. மேகலா தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து தூக்கினாள். பிள்ளை முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, விக்கிக்கொண்டிருந்தது. வைகாசிப் புழுக்கம். தொட்டில் பக்கம் ஒரு ஃபேன் மாட்டச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

ஆகஸ்ட் நாலாம் தேதி மேகலா வேலையில் சேர வேண்டும். லீவு அதற்கு மேல் கிடையாதாம். அவள் புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான். ஆகவே பகலெல்லாம் குழந்தை என் பொறுப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேகலாவையும் சின்னவள் யாழினியையும் வளர்த்தது யார்? வசந்தா தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள், மருமகன் லாரியில் ஏறினால் வடக்கே போய்விடுவார். இரண்டு பேத்திகளும் என் இடுப்பில்தான் வளர்ந்தார்கள்.

இன்றைக்கு வாசலில் வசந்தாவும் மேகலாவும் நின்று பேசினார்கள். நான் உள்ளே ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி சாத்தியிருந்தது. ஆனாலும் எனக்கு நன்றாகக் கேட்டது. மேகலா சொன்னாள்: "பிள்ளைகள பாத்துக்கற எடம் ஒண்ணு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்குதும்மா." வசந்தா சொன்னாள்: "அம்மாகிட்ட ஆரு சொல்றது?"

சாத்தின கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்ட எனக்கா பிள்ளை பார்க்கத் தெரியாது? மில்லில் வேலை பார்த்த பொம்பளைக்கு இதெல்லாம் கைவந்தது. அந்த இரைச்சலில் யாரும் யாரையும் காதால் கேட்டதில்லை, வாய் அசைகிறதைப் பார்த்தால் போதும். சிங்காநல்லூர் மில்லில் எந்த மெஷினில் யார் யாரைத் திட்டுகிறாள் என்று கடைசி வரிசையிலிருந்து சொல்வேன்.

பெற்ற மகளுக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவளே செய்துகொள்ளட்டும்.

ஜூன் 13, வெள்ளி

நானே செய்தேன். பிள்ளைகள் பட்டினி கிடக்க முடியுமா?

ஜூன் 15, ஞாயிறு

யாழினி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். உள்ளங்கையளவு நீலப் பலகை ஒன்று வைத்திருக்கிறாள். ஆர்டுயினோ என்று பேர். அதைக் கம்ப்யூட்டரில் வயர் போட்டுச் செருகி என்ன சொல்கிறாளோ அதைச் செய்கிறது. இன்றைக்கு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அம்மிச்சி, நான் காலேஜுல ஒரு புராஜெக்ட் பண்றேன். காது டெஸ்ட் பண்ற மெஷினு. ஆஸ்பத்திரில இருக்கறதெல்லாம் வெல சாஸ்தி. நான் செய்யறது ஆயிரம் ரூவாய்க்குள்ள வந்துரும்."

"செய் கண்ணு."

"நீதான் மொத ஆளு. செரியா?"

வேறு யாரைக் கூப்பிடுவாள்? பெருமையாகத்தான் இருந்தது.

அலை காட்டும் பெட்டி ஒன்று காலேஜில் இரவல் வாங்கி வந்திருந்தாள். சின்னத் திரை. அதில் கோடு சடாரென்று மேலே ஏறுகிறது, கொஞ்ச தூரம் நேராகப் போகிறது, சடாரென்று கீழே விழுகிறது, மறுபடி நேராகப் போகிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இடைவெளி விட்டுக் கட்டுவார்களே, அந்த மாதிரி. சதுர அலை என்றாள். பலகை சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நொடியில் எத்தனை தடவை போட்டு அணைக்கிறதோ அவ்வளவு கீச்சென்ற சத்தம். வட்டமாகக் காசு மாதிரி ஒரு தகடு, அதிலிருந்துதான் சத்தம் வருகிறது.

ஜூன் 18, புதன்

பால்காரன் இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை. திருடன் மாதிரி வைத்துவிட்டுப் போகிறான். பூனை கவரைக் கிழித்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு முதல் பரீட்சை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைமேல் பலகை, தகடு, சின்னதாக ஒரு சிவப்பு லைட். சத்தம் வரும்போது கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். யாழினி கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தாள். முதலில் ஐந்நூறு, கனத்த சத்தம். அப்புறம் ஆயிரம். அப்புறம் இரண்டாயிரம். அப்புறம் நாலாயிரம், எட்டாயிரம் என்று போனாள். எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினேன். கடைசியில் வந்ததெல்லாம் கொஞ்சம் மெதுவாக வைத்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சிவப்பு லைட் சரியாகக் கூடவே எரிகிறது. நேர்த்தியாகச் செய்திருக்கிறாள்.

யாழினி எழுந்து குதித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! இங்க வந்து பாரு! எட்டாயிரம் வரைக்கும் அம்மிச்சிக்குக் கேக்குது! என்னமோ சொன்னியே!" என்று கத்தினாள்.

வசந்தா வந்து மேசையைப் பார்த்தாள். லைட்டைப் பார்த்தாள். அப்புறம் யாழினி பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். மறுபடி முதுகு. யாழினியின் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. "அம்மிச்சி அப்படிப் பண்ணாது" என்றாள்.

நான் என்ன பண்ணமாட்டேன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அம்மிச்சி, காபி குடிக்கலாம் வா" என்றாள்.

ஜூன் 26, வியாழன்

யாழினி சோறு தண்ணி இல்லாமல் பலகையோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் மேலே போக வேண்டுமாம். எட்டாயிரம் போதாதாம், இருபதாயிரத்தையும் தாண்ட வேண்டுமாம்.

"எதுக்குச் சாமி அவ்வளவு? ஆஸ்பத்திரியில அவ்வளவு வெப்பாங்களா?"

"இல்ல. சும்மா, இந்த போர்டு எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கவலையில் இருக்கிறாள், பாவம். கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

மேலே போகப் போக அலை நடுங்குகிறது. திரையில் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் மாதிரி இருந்தது இப்போது குடிகாரன் கட்டின சுவர் மாதிரி இருக்கிறது. ஒன்று அகலம், ஒன்று குறுகல். இவள் ஒரு எண்ணைச் சொன்னால் அது வேறு எண்ணில் ஓடுகிறது.

ஏன் என்று கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னாள். சுவிட்சைப் போடு, கொஞ்சம் பொறு, அணை, கொஞ்சம் பொறு என்று எழுதியிருக்கிறாள். பலகை அதை ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்கிறது. படிக்கவே நேரம் பிடிக்கிறது. நடுவில் அதற்கு வேறு சின்னச் சின்ன வேலைகளும் இருக்கின்றன, அதைப் பார்க்கப் போய்விட்டு வருகிறது. மெதுவாகப் போகும்போது இதெல்லாம் தெரிவதில்லை. வேகம் ஏறினால் தெரிகிறது. ரெடிமேடாக ஒரு கட்டளை இருக்கிறதாம், அதைப் போட்டாலும் உச்சியில் ஆட்டம் நிற்கவில்லையாம்.

"ஒரே ஆளு மாவையும் ஆட்டி, பாலையும் பாத்து, சுவிச்சையும் போட்டு அணைச்சா எப்படி அம்மிச்சி?"

"நான் அப்படித்தாண்டி செஞ்சேன். கூட உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வந்துவிட்டது! நாற்பதாயிரம்!

பலகையின் மூளைக்குள்ளேயே தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறதாம். டைமர். ஒரு நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் தடவை துடிக்கிறது. இருநூறு துடிப்பு எண்ணினதும் சுவிட்சைத் திருப்பு, மறுபடி இருநூறு, மறுபடி திருப்பு என்று அதனிடம் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும். அதற்கு வேறு வேலையே கிடையாது. பெரிய மூளை என்ன செய்துகொண்டிருந்தாலும் இது பாட்டுக்கு எண்ணித் திருப்பிக்கொண்டே இருக்கும். எண்ணைக் குறைத்தால் வேகம் கூடும். எங்கள் மில்லில் பல் குறைந்த சக்கரம் மாட்டினால் நூல் வேகமாக ஓடுகிற மாதிரி.

திரையில் அலை ஊசி ஊசியாக, கொஞ்சமும் அசையாமல் நின்றது. சுவர் எல்லாம் ஒரே அளவு. "எப்படி இருக்குது அம்மிச்சி?" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. சந்தோஷம். நான் அவள் தலையில் கை வைத்து, "என்ற ராசாத்தி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

எதிர்வீட்டுப் பாப்பாத்தியிடம் சொன்னேன். என் பேத்தி ஒரு நொடிக்கு நாற்பதாயிரம் தடவை ஓடுகிற மெஷின் செய்திருக்கிறாள் என்றேன்.

"சத்தம் எப்படி வருது?"

ஞாயிற்றுக்கிழமை அது ஓடியபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதால், "அவ்வளவு வேகத்துல சத்தம் நுணுக்கமாத்தான் வரும்" என்றேன்.

"சத்தமே வராத மெஷினுக்கா இத்தன நாளு? எங்கூட்டு ஃபேனு கடமுடான்னு கத்துது, அதயும் நாப்பதாயிரத்துல ஓட்டி வாயடைக்கச் சொல்லு உன்ற பேத்திய."

பொறாமை. அவள் பேரன் பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் போய்விட்டது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு எல்லோரும் கூடத்தில். வசந்தா, மேகலா, குழந்தை மேகலாவின் மடியில். யாழினி பலகையைத் துடைத்து வைத்தாள். லைட்டையும் துடைத்தாள்.

"அம்மிச்சி, ஒண்ணு சொல்றேன். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. ஒண்ணும் தப்பில்ல. மெஷினு அதுக்குத்தான்."

"வெய்யி கண்ணு. பேசாத."

எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினேன். ஐந்நூறிலிருந்து ஆரம்பித்து எங்கேயும் தப்பவில்லை. கடைசி ஒன்று வைத்தாள். லைட் எரிந்தது. கையைத் தூக்கினேன். "நல்லாக் கேக்குது" என்றும் சொன்னேன். லைட் அணைந்தது. இறக்கினேன். மறுபடி எரிந்தது. தூக்கினேன்.

கூடத்தில் யாரும் வாய் அசைக்கவில்லை. மேகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பால் கொடுக்கும் நேரம் போல.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இருந்த வரைக்கும் வகுப்பில் நான்தான் முதல். இன்றைக்கும் நூற்றுக்கு நூறு. இனி யாரும் பஸ் ஸ்டாப் பக்கத்து இடத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஜூலை 14, திங்கள்

யாழினி சாப்பிடாமல் காலேஜுக்குப் போனாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி, நோம்பி நாள். பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டேன். சாவு வீட்டில் சாப்பிடுவது மாதிரி சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் மேகலா வெளியே கொய்யா மரத்தடியில் நின்று புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மாடியில் வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் அவள் முகம் நேராகத் தெரிந்தது. அவள் வாயைப் பார்த்தேன்.

"யாழினி நாப்பதாயிரம் வெச்சாளுங்க. அது வௌவாலுக்குத்தான் கேக்குமாம். மனுசனுக்கு இருபதாயிரத்துக்கு மேல கேக்கவே கேக்காதாம். அதுக்கும் அம்மிச்சி கையத் தூக்கிருச்சு. நல்லாக் கேக்குதுன்னு வேற சொல்லுச்சு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசினார்கள் போல.

"எப்படிங்க விட்டுட்டுப் போறது? அன்னைக்கு நான் வர்றதுக்குள்ள கத்திக் கத்தி மூச்சடைச்சுப் போச்சு. அம்மிச்சி பத்தடி தள்ளி உக்காந்து கீரை ஆயுது."

வடகம் பாதி அப்படியே கிடக்கிறது. மழை வந்தால் நனையட்டும்.

ஜூலை 18, வெள்ளி

இதை எழுதாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

யாழினி காலேஜிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"நாப்பதாயிரம் யாருக்கடி கேக்கும்?"

பையைப் பிடித்தபடி நின்றாள்.

"வௌவாலுக்கு."

"நாய்க்கு?"

"நாய்க்கு அதுதான் கடைசிப் படி."

"எனக்கு?"

அழ ஆரம்பித்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

"நான் உன்ற பக்கத்துல உக்காந்து கூழு கரைச்சுக் குடுத்தேனேடி. அலை நடுங்குதுன்னு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டப்ப மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேனேடி. எனக்குக் கண்ணி வெக்கறதுக்கா அந்தப் பாடுபட்டே? அதுக்கா நான் காவல் இருந்தேன்?"

"அம்மா மொதல்லயே லைட்டக் கழட்டுன்னு சொல்லுச்சு. நான்தான் மாட்டேன்னேன். அம்மிச்சி லைட்டப் பாத்துக் கையத் தூக்கற ஆளு இல்லைன்னு சண்டை போட்டேன். லைட்டு இருக்கட்டும், மனுசனுக்குக் கேக்காத ஒண்ண வெக்கறேன், அம்மிச்சி கேக்கலன்னு சொல்லும் பாருன்னு பந்தயம் கட்டுனேன். உனக்காகத்தான் அவ்வளவு மேல போனேன். நீ ஏன் தூக்குனே? ஒரே ஒரு தடவ, கேக்கலன்னு சொல்லக் கூடாதா?"

"கேக்கலன்னு சொன்னா உன்ற மெஷினு ஓடலைன்னு நெனப்பியேன்னு தூக்குனேன். அத்தன நாளு உக்காந்து செஞ்சவ மனசு வாடிப் போகுமேன்னு தூக்குனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் இதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் பொய் இல்லை. முழுக்கப் பொய் இல்லை.

"என்னை நம்பித்தான் வெச்சியா அந்தப் பரீட்சைய? நம்பறவ எதுக்குடி பரீட்சை வெக்கறா?"

வசந்தா வந்து நடுவில் நின்று, நல்ல காது டாக்டர் இருக்கிறார், காதில் வைக்கிற மெஷின் இருக்கிறது, போகலாம் என்றாள். முதல் தடவையாக என் முகத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்து நிதானமாகப் பேசினாள். அதுதான் இன்னும் எரிந்தது. அப்படியானால் இவர்களுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்?

ஜூலை 19, சனி

யாழினியோடு பேசுவதில்லை.

ஜூலை 21, திங்கள்

குக்கர் கடைக்காரன் குக்கரை அடுப்பில் வைத்துக் காட்டினான். "அம்மா, அடிக்குதுங்களே" என்றான். பக்கத்தில் நின்ற பொம்பளை காதைப் பொத்திக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கோயிலில் மணி அடித்தார்கள். மணி ஆடுவதைப் பார்த்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் எங்கேயோ ஆழத்தில் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மில்லில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சுற்றி மலை மலையாகப் பஞ்சு. நாங்கள் யாரும் வைத்துக்கொண்டதில்லை. வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று பயம். என்னோடு வேலை பார்த்த நாச்சம்மாள், பழனாத்தா எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். வாய் பெரிதாய்ப் போய்விட்டது என்று மருமகள்கள் சொல்வார்களாம். காது போகிறபோது காய்ச்சல் மாதிரி சொல்லிவிட்டா போகிறது? கூடவே இருந்து குழி பறித்துவிட்டது. வசந்தாவும் யாழினியும் செய்தது அதற்கப்புறம்தான்.

ஜூலை 26, சனி

வீட்டில் நானும் யாழினியும் மட்டும். மற்றவர்கள் குழந்தைக்கு ஊசி போடப் போயிருந்தார்கள். யாழினி பலகையைப் பெட்டிக்குள் போட்டு அலமாரிமேல் தூக்கி வைத்திருந்தாள். ஸ்டூல் போட்டு நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"போடு" என்றேன். அதற்குமேல் அவளோடு பேச எனக்கு விருப்பமில்லை.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலாவது கனமாக வந்தது. தூக்கினேன். அடுத்தது வந்தது. தூக்கினேன். அடுத்தது பக்கத்துத் தெருவில் எங்கேயோ. தூக்கினேன். அப்புறம் அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அடுத்த எண்ணை எழுதுகிறாள் போல என்று காத்திருந்தேன். இன்னும் எழுதுகிறாளா என்று நினைத்தேன். வராது என்று தெரிந்தும் விட மனசில்லை. பால் பொங்க வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. அது மெஷினா என்று ஒரு தடவை கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கினேன்.

தோளில் கை பட்டது. திரும்பினேன்.

"முடிஞ்சுது அம்மிச்சி" என்றாள். நேராக நின்று சொன்னாள்.

"எப்ப?"

"அப்பவே."

நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டேன். அப்புறம் கேட்டேன்: "குழந்தை அழுகறது எந்த நம்பர்ல வரும்?"

"ஒரே நம்பர்ல வராது. கலந்து வரும். ஆனா வீல்னு கத்துறது இருக்குதுல்ல, அந்தக் கூர்மை மூவாயிரம் பக்கம் இருக்கும்."

"அந்தப் பக்கம் நான் கையத் தூக்குனனா?"

அவள் வாய் அசையவில்லை.

"பெட்டிய எடுத்து வெய்யி" என்றேன். இன்னும் அவள்மேல் எனக்குக் கோபம்தான். இவளாவது நான் உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் காதோரம் வந்து, அம்மிச்சி உனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அடித்திருப்பேன். திட்டியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

மேகலா சுற்றிச் சுற்றி வருகிறாள். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாக என் புடவைகளை எல்லாம் இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"மேகலா, குழந்தைய என்கிட்ட விடாத."

அவள் குனிந்து துணி மடித்தபடியே என்னவோ சொன்னாள்.

"மூஞ்சியத் தூக்கிச் சொல்லு."

தூக்கினாள். கண்ணீர் கொட்டியது. "நான் சொல்லல அம்மிச்சி, நான் எப்படி உன்கிட்ட..."

"நீ சொல்லவேண்டாம். நான் சொல்றேன். நான் வேண்டான்னு சொல்றேன். யாரும் என்னை வேண்டான்னு சொன்னதா வெளிய பேச்சு வரக்கூடாது. பாப்பாத்தி கேட்டா, எனக்கு முட்டிவலின்னு சொல்லிக்குங்க."

வசந்தா சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். யாழினி சமையலறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை.

"நாளைக்கு நானும் கூட வருவேன்" என்றேன் மேகலாவிடம். "என்ற பேத்தி பெத்த பிள்ளைய எவ கையில குடுக்கறதுன்னு நான் பாக்கோணும்."

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் குழந்தைக்கு மை வைத்து, நான்தான் தூக்கிக்கொண்டேன். மேகலாவும் யாழினியும் கூட வந்தார்கள். யாழினியோடு பேசவில்லை. ஆட்டோவில் இடம் இல்லாமல் அவள் என்மேல் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து வந்தாள்.

பஸ் ஸ்டாப் பக்கத்து இடம் சுத்தமாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் யானையும் கிளியும். பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும். ஓரத்தில் சத்தமாக டிவி ஓடிக்கொண்டிருந்ததாம், மேகலா சொன்னாள். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பொம்பளைக்கு முப்பது வயசு இருக்கும். பேர் செல்வநாயகி. எங்களுக்கு முதுகைக் காட்டி, மேடையில் குனிந்து ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மேகலா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

நாலைந்து அடி பின்னால் போய் நின்றேன். குழந்தையின் வலது காலைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல ஆட்டினேன். வெள்ளிக் கொலுசு என் கண்ணுக்கு முன்னால் ஆடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் திரும்பினாள்.

குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.